ஸ்பின்லாக் போட்ட பிறகு லினக்ஸ் மெஷின் ஏன் உறைகிறது?

நெட்வொர்க் டிரைவரில் பாக்கெட் எண்ணிக்கை குறைவாகக் காட்டியது, அதைச் சரிசெய்ய ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு) போட்டதும் மெஷினே நின்றுவிட்டது என்கிறீர்கள்.

பூட்டியது சரிதான். பூட்டு இல்லாமல், பிராசசரின் இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் எண்ணிக்கையை 7 என்று படித்தால், இரண்டுமே 8 என்றுதான் எழுதும். ஒரு பாக்கெட் கணக்கில் விழாது.

சிக்கல் இன்டரப்டில், அதாவது ஓடும் வேலையை இடைமறித்து வன்பொருள் அனுப்பும் அழைப்பில். பூட்டு கையில் இருக்கும்போதே அதே கோரில் இன்டரப்ட் வந்து, அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷனும் அதே பூட்டைக் கேட்கிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் பூட்டியவர் நகர முடியும்; பூட்டு கிடைத்தால்தான் ஹேண்ட்லர் முடியும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஹேண்ட்லருக்கு வெளியே பூட்டும் இடங்களில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (spin_lock_irqsave) போடுங்கள். அந்தக் கோரின் இன்டரப்டை நிறுத்திவிட்டுத்தான் அது பூட்டும்.

அப்புறம், பூட்டுத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் (lockdep) என்ற கருவியை இயக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2006 முதல் கர்னலிலேயே இருக்கிறது. மெஷின் உறையாமலேயே இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கும்.