0.1% ரெசிஸ்டர் போட்டும் ரீடிங் ஏன் நகருது? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 10 கிலோ ஓம் 0.1% மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வாங்கினேன், காலைல ஒரு ரீடிங் மதியம் ஒரு ரீடிங் காட்டுது. டூப்ளிகேட்டா இருக்குமோ?

பதில்: அவசரப்பட்டு டூப்ளிகேட்னு சொல்லிடாதீங்க தம்பி. 0.1%ங்கிறது ஃபேக்டரில அளந்து அனுப்பினப்ப இருந்த கணக்கு, அது அப்படியே நிக்கும்னு யாரும் சொல்லல, அதுக்கு டேட்டாஷீட்ல பிபிஎம் பாக்கணும். 50 பிபிஎம்னா டிகிரிக்கு பத்து லட்சத்துல 50 பங்கு, ரூம் 15 டிகிரி ஏறினா 750 பிபிஎம், உங்க 10 கிலோ ஓம்ல ஏழரை ஓம் நகர்ந்துடும். ஆறரை டிஜிட் மீட்டர்ல போட்டுட்டு ரெசிஸ்டரை ரெண்டு விரலால சும்மா பிடிச்சு பாருங்க, கடைசி டிஜிட்டுங்க ஓட ஆரம்பிச்சிடும், விட்டா மெதுவா திரும்பி வரும்.

கேள்வி: ஃபாயில் ரெசிஸ்டர் ஏன் சார் அவ்வளவு விலை?

பதில்: வேலை அப்படி. 1962ல ஃபீலிக்ஸ் ஜேண்ட்மேன்ங்கிற இயற்பியல் விஞ்ஞானி கொண்டு வந்தது. செராமிக் மேல மெல்லிசான உலோகத் தகட்டை ஒட்டிடுவாங்க, சூடானா தகட்டோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஆனா செராமிக் அந்த அளவுக்கு விரியாததால தகட்டை இறுக்கிப் பிடிச்சு ரெசிஸ்டன்ஸை இறக்கும், ஏறினதும் இறங்கினதும் கிட்டத்தட்ட சரியாப் போயிடும். எனக்கு இன்னைக்கும் பிரமிப்பா இருக்கு. ஆனா ரெண்டு ரெசிஸ்டரால வோல்டேஜைப் பிரிக்கிற டிவைடர்தான்னா இவ்வளவு செலவு வேண்டாம், பல ரெசிஸ்டர் ஒரே பேக்கேஜ்ல வர நெட்வொர்க் போடுங்க, ரெண்டும் சேந்தே நகரும், ரேஷியோ நிக்கும்.

கேள்வி: ரூம் ஏசிலயேதான் இருக்கு, அப்பவும் மாறுதே?

பதில்: அதுக்குள்ள ஓடுற கரண்டே சூடாக்கும்மா. வோல்டேஜைக் குறைச்சு அளந்து பாருங்க.

கேள்வி: வருஷக்கணக்குல நகராம இருக்க என்ன பண்ணணும்?

பதில்: சூடும் ஈரமும்தான் எதிரி. ரெசிஸ்டர் மேல இருக்கற எபாக்சி பிசின் கோட்டிங் மழைக்காலத்துல ஈரத்தை இழுத்து உப்பி உள்ள இருக்கறதை நெருக்கும், வெயில் காலத்துல காஞ்சு விடும், அதனால சீசனுக்கு சீசன் ரீடிங் ஆடும். மத்த ரெசிஸ்டரை ஒப்பிட்டுப் பாக்குற லேப் ஸ்டாண்டர்டுங்களை சீல் பண்ண டப்பால வைக்கிறது இதுக்குத்தான். 1930கள்ல அமெரிக்காவோட அளவைத் தரநிலை அமைப்பான என்பிஎஸ்ல தாமஸ்ங்கிறவர் பண்ண 1 ஓம் ஸ்டாண்டர்டும் அப்படித்தான், சூட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம் மாறாத மாங்கனின்ங்கிற கலப்பு உலோகக் கம்பியைச் சுத்தி முடிச்சப்புறம் நல்லா சூடாக்கி அனீல் பண்ணி அதுல இருந்த இறுக்கத்தை எடுத்துட்டுதான் சீல் பண்ணாங்க. பொதுவா இப்படி மெல்ல நகர்றது (டிரிஃப்ட்) ஆரம்பத்துல ஜாஸ்தி, போகப்போக குறையும். அதனால புதுசை சோல்டர் பண்ணின கையோட கேலிபரேட் பண்ணாதீங்க, சில வாரம் பவர்ல ஓட விட்டுட்டு அப்புறம் பண்ணுங்க.