ஓசூரில் மனை வாங்கலாமா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

கேள்வி: ஓசூர் மாதிரி மலைப்பாங்கான, வேகமாக வளர்கிற ஊரில் குடியேறுவதில் என்ன நன்மை, என்ன தீமை? மனை வாங்கி வீடு கட்டலாமா?

நீங்கள் விவரம் எழுதவில்லை. இருந்தாலும் உங்களுக்கு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை, பெங்களூரு வாடகை கட்டுப்படியாகவில்லை, அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு, பிள்ளைகள் தமிழ் படிக்கும் என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். என்னிடம் இதே கணக்கோடு வந்து கேட்டவர்கள் பத்து பேராவது இருப்பார்கள். அதனால் அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1995-ல் இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் லேத் வேலைக்கு வந்தவன். மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் ஐந்து பேர் தங்கினோம். இன்றைக்குச் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகளும் படித்து வேலையில் இருக்கிறார்கள். அவ்வளவும் இந்த ஊர் கொடுத்தது. ஆகவே கீழே நான் குறை சொல்வதைப் பார்த்துவிட்டு, 'சோறு போட்ட ஊரைப் பழிக்கிறான்' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஊர் மேல் எனக்கு இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலை என்றதும் ஊட்டி, ஏற்காடு என்று நினைத்து வராதீர்கள். இது மேட்டுநிலம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,000 அடி. மே மாதம் கிருஷ்ணகிரியில் வேர்த்து ஊற்ற பஸ் ஏறுங்கள், மேலுமலை ஏறி சூளகிரி தாண்டும்போது ஜன்னல் காற்றே வேறாக இருக்கும். நான் வந்த புதிதில் மூக்கண்டப்பள்ளி அறையில் மின்விசிறியே கிடையாது, தேவையும் படவில்லை. இப்போது அப்படி இல்லை. ஆனாலும் சேலத்தில் இருந்து வருகிற என் மச்சினன் இங்கே வந்து படுத்தால்தான் தூக்கம் என்பார்.

வேலைக்குப் பஞ்சமில்லை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் ஒரு பக்கம் என்றால், அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. காய்கறி, பூ எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வருகிறது. ராயக்கோட்டைத் தக்காளியும் பாகலூர் பக்கத்து ரோஜாவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மொழிப் பிரச்சினை என்று பயப்படாதீர்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் பேசுகிற ஊர் இது. ஓசூர் என்ற பெயரே கன்னடத்தில் புது ஊர் என்று பொருள்படுவதுதான். என் பிள்ளைகள் தெருவில் விளையாடியே மூன்றும் கற்றுக்கொண்டார்கள்.

சரி, இப்போது என் வீட்டுக் கதை.

2009-ல் பாகலூர் சாலையை ஒட்டி ஒரு லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். பிளாட் போட்டவர் காரில் கூட்டிப்போய்க் காட்டினார். சின்னச் சரிவு, மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி, நடுவில் எங்கள் மனை. பார்க்க அவ்வளவு அழகு. 'ரெண்டு பக்கமும் ஏரி இருக்கு சார், போர் போட்டா தண்ணி எகிறும்' என்றார். அவர் சொன்னது போலவே 480 அடியில் நல்ல தண்ணீர் வந்தது. என் வீட்டுக்காரி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பத்திரம், வில்லங்கம் எல்லாம் சரியாக இருந்தன. மேல் ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் எந்த வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும் என்று மட்டும் நான் கேட்கவில்லை. பாலக்கோட்டில் கிணற்று மேட்டிலேயே வளர்ந்தவன் நான். கேட்டிருக்க வேண்டும்.

ஏழு வருடம் ஒரு குறையும் இல்லை. அதற்குள் எங்களைச் சுற்றி முந்நூறு வீடு வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு போர். 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது, நினைவிருக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் காலை மோட்டார் போட்டால் காற்றுதான் வந்தது.

ஏப்ரலில் புது போர் போட ரிக் வண்டி வரவழைத்தேன். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து மூலையில் ஓர் இடம் காட்டினார். ராத்திரி எட்டு மணிக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். போர் ஓட்டும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தண்ணீர் இருந்தால் சேறாக வரும், இல்லாவிட்டால் வெறும் பாறைத்தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். 600 அடி, புகை. 800 அடி, புகை. 'நிறுத்திடலாங்களா?' என்று கேட்டார் ரிக் மேஸ்திரி. 'இன்னும் ஒரு ராடு போடுங்க' என்றேன். அந்த 'இன்னும் ஒரு ராடு' விடிகாலை வரை போனது. 1,150 அடியில் நிறுத்தினார்கள். என் வீடு, பக்கத்து வீடு, வாசலில் நின்ற முருங்கை எல்லாம் வெள்ளைப் பொடி. மகனுக்குக் கல்லூரியில் கட்ட வைத்திருந்த பணத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அந்தக் குழிக்குள் போய்விட்டது. அன்றைக்கு என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பம் எடுத்து வாசலைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு டிராக்டர் டேங்கர்தான். ஒரு லோடு 600 ரூபாய். ஷிப்ட் முடிந்து வந்து டேங்கர்காரருக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது தினசரி வேலையானது.

இதோடு முடிந்திருந்தால் மழை இல்லை, என்ன செய்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதே 2017, ஆகஸ்டில் இருந்து பெங்களூரிலும் இங்கேயும் மழை கொட்டியது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் இருந்து காலை கீழே வைத்தால் தண்ணீர். மேல் ஏரி நிரம்பி வழிந்து நேராக எங்கள் தெரு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாகத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அதுவும் சாக்கடையோடு கலந்து.

காலையில் பக்கத்து ராகிக் காட்டுக்காரப் பாட்டி வந்து நின்று பார்த்தார். தெலுங்குக்காரர், நாங்கள் அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். 'இக்கட காலுவ உண்டேதி நாயனா' என்றார். இங்கே வாய்க்கால் இருந்தது அப்பா என்று அர்த்தம். அவர் கல்யாணமாகி வந்தபோது அதில்தான் துணி துவைப்பார்களாம். மண்ணடித்து மூடி, அதன் மேல் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். 'முதல்லயே ஏன் அவ்வா சொல்லலை?' என்று கேட்டேன். 'நுவ்வு அடகலேது கதா' என்றார். நீ கேட்கவில்லையே.

மேட்டுநில ஊர்களின் குணம் இதுதான். அடியில் பாறை, மேலே கொஞ்சம் மண். பெய்கிற மழை உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். அதைத் தடுத்து நிறுத்தத்தான் முன்னோர்கள் ஏரிக்குக் கீழ் ஏரி என்று சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். ஏரியைக் குப்பை கொட்டியும் வாய்க்காலை வீடு கட்டியும் அடைத்துவிட்டால் சித்திரையில் வறட்சியும் ஐப்பசியில் வெள்ளமும் ஒரே வீட்டுக்கு வரும். எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை எல்லாம் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். புயல் மழைக்கு யாரும் பொறுப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடித்தான் வரும்.

ஆறு இருக்கிறதே என்பீர்கள். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையும் ஏந்திக்கொண்டு இங்கே வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழுந்து பாலத்தை மூடுகிறது. அந்தத் தண்ணீரில்தான் கீழே விவசாயமும் நடக்கிறது. வெளியூர் ஆட்கள் நுரைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருகிறது. 2013-ல் திறந்த திட்டம், ரூ.1,928 கோடி. அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் விடமாட்டேன். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்றும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பல் முளைக்கிற வயதில் அதற்கு மேல் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது. எனக்கு இருக்கிறது. என் தங்கைக்கும் இருக்கிறது. நான் முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னால் 'பாக்கு போடுற பழக்கம் எத்தனை வருஷமா?' என்று கேட்டார். பாக்கை நான் தொட்டதே இல்லை. தங்கையைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பம் அவள் சிரித்ததும் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இன்றைக்கும் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். தர்மபுரிப் பக்கத்து ஆளைப் பார்த்துப் பல் துலக்குவதில்லை, புகையிலை போடுகிறான் என்று பேசுகிறவர்கள், அந்தக் குழந்தை என்ன தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். இப்போது ஊரில் என் தங்கை பேத்திக்கு முத்துப்போலப் பல். காவிரித் தண்ணீரில் வளர்கிற பிள்ளை. அதைப் பார்க்கும்போது அந்த 1,928 கோடியில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை என்று தோன்றும்.

சரி, மனை விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 2024-ல் விமான நிலைய அறிவிப்பு. 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. இது ஒவ்வொன்றையும் சொல்லி மனை விலையை ஏற்றுகிறார்கள். புரோக்கர் விமானம் வருமா என்று பேசுவார், நீங்கள் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். புல வரைபடமும், நிலம் என்ன வகை என்று காட்டுகிற அ-பதிவேடும் வாங்கி, உங்கள் மனையிலோ ஒட்டியோ ஓடை, வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நில்லுங்கள். அந்தத் தெருவுக்கு யார் டேங்கர் ஓட்டுகிறார் என்று விசாரித்து அவரிடம் பேசுங்கள், எந்த வீட்டில் எத்தனை அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. பக்கத்தில் ராகிக் காடு மிச்சம் இருந்தால் அங்கே வயதானவர் யாரையாவது தேடிப் பிடியுங்கள்.

மழைநீர்ச் சேகரிப்பை 2003-லேயே கட்டாயம் ஆக்கினார்கள். நான் வீடு கட்டும்போது சும்மா ஒரு குழாயை மண்ணில் செருகி வைத்தேன், பொறுப்பில்லாத செயல். வெள்ளம் வடிந்த பிறகுதான் மொட்டைமாடித் தண்ணீரை ஜல்லி, மணல் போட்ட தொட்டியில் வடிகட்டி, வற்றிப்போன பழைய போருக்குள் இறக்கினேன். தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் கூடவே செய்தார்கள். இப்போது அந்த 480 அடி போரில் காலையில் இருபது நிமிடம் தண்ணீர் வருகிறது. கோடையில் மாதம் இரண்டு டேங்கரோடு சமாளிக்கிறோம். வாசலை இரண்டடி உயர்த்திக் கட்டியிருக்கிறேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். காலை ஷிப்ட் நேரத்தில் நெடுஞ்சாலை நெரிசல் அதிகம், அத்திப்பள்ளி தாண்ட ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விலை மலிவு என்று தோட்டம் வாங்கினால், ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் வரும் என்பதையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அது அவற்றின் வழி, தப்பு சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது, அங்கே பெண் கொடுத்து எடுத்தால் பஸ்தான்.

குளிரை மறந்துவிட்டேன். வீட்டில் வயதானவர்கள் உண்டா? என் அப்பா கடைசிக் காலத்தில் இங்கே வந்து இரண்டு மார்கழிதான் தாங்கினார். பனி இறங்கினால் மூச்சு இழுக்கும், ஊருக்கே கொண்டுபோய் விடு என்பார். விட்டேன், அங்கே போனதும் கொஞ்சம் தேறினார். உங்கள் வீட்டில் மூட்டுவலியோ வீசிங்கோ உள்ளவர்கள் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் டிசம்பரில் பத்து நாள் வாடகை வீடு எடுத்து அவர்களைக் கூட்டிவந்து தங்கவையுங்கள். காலை ஆறு மணிக்கு அவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.