மீன் குறைந்துபோன சீன வலைக்கு என்ன மதிப்பு?

கேள்வி இதுதான்: கேரளத்தின் ஃபோர்ட் கொச்சியில், கரையில் நிறுத்திய மரச்சட்டத்திலிருந்து தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் பெரிய சீன வலைகளில் இப்போது மீன் அதிகம் விழுவதில்லை, பிறகு எதற்கு அரசுப் பணத்தில் அவற்றைக் காப்பாற்ற வேண்டும்?

மீனை மட்டும் எடைபோட்டால் நீங்கள் கேட்பது சரிதான். கொச்சியில் வேலை பார்த்த காலத்தில் விடியற்காலையில் அங்கே போய் நிற்பேன். கயிறுகளில் பெரிய பெரிய கற்கள் வரிசையாகத் தொங்கும். ஒருவர் நடுமரத்தின் மேல் நடந்து போனாலே அந்தப் பாரத்தில் வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டு நாலைந்து பேர் சேர்ந்து இழுப்பார்கள். கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து உட்கார உட்கார, வலை மேலே எழும். பல தடவை உள்ளே இருப்பது ஒரு கை பொடிமீனும் ஆகாயத்தாமரையும்தான்.

ஆனால் அந்த வலையைப் பார்க்கவென்றே ரயிலேறி வந்து, அறை எடுத்து, படகில் சுற்றுகிறவர் செலவழிக்கும் பணமும் வலையின் சம்பாத்தியம்தானே? பொருளியலில் இப்படிப் பயணச் செலவை வைத்தே ஓர் இடத்துக்கு மதிப்புப் போடுகிறார்கள். நேரடியாகக் கேட்டும் பார்ப்பதுண்டு. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்கா கடலில் கொட்டியது. இன்னொரு முறை அப்படி நடக்காமல் தடுக்க எவ்வளவு தருவீர்கள் என்று அமெரிக்கக் குடும்பங்களிடம் கேட்டார்கள். நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டதில் சுமார் 280 கோடி டாலர் வந்தது. அந்தக் கடலை நேரில் பார்க்காதவர்களின் பணமும் அதில் சேர்த்தி. வாய்வார்த்தையை நம்பலாமா என்று பெரிய சண்டை. கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ போன்ற நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் இருந்த குழு, கவனமாகக் கேட்டால் நம்பலாம் என்று 1993இல் சொன்னது.

எனக்கு உறுத்துவது வேறு. சீன வலை ஈட்டித்தரும் அந்த மதிப்பெல்லாம் விடுதிக்கும் உணவகத்துக்கும் போய்ச் சேர்கிறது. கயிறு இழுப்பவருக்குக் கிடைப்பது, கூட நின்று ஒருமுறை இழுத்துப் பார்த்த பயணி தரும் ரூபாய்நோட்டு. உப்புக்காற்றில் மரம் உளுத்துக்கொண்டே இருக்கும், தேக்கு விலை தெரிந்ததுதான். சில வலைகளில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. அதைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பேன், மரத்துக்கு மட்டும் அல்ல. விடுதி வாடகையோடு ஒரு சிறு தொகை வசூலித்து, மீன் விழாத நாளிலும் வலை இறக்குகிறவர்களுக்குக் கூலியாகக் கொடுக்க வேண்டும். ஆகாயத்தாமரை வந்து வலையை அடைக்கும் மாதங்களிலாவது அதைக் கட்டாயமாக்க வேண்டும்.