லயன் முகவரியும் கடவுளின் பிள்ளை என்ற உரிமையும்

கேள்வி: வேலைக்கு விண்ணப்பிக்கையில் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) முகவரியை எழுதக் கை கூசுகிறது. ‘கடவுளின் பிள்ளை’ என்பது வெறும் ஆறுதல் வார்த்தைதானா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை, சகோதரி. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கடவுளின் பிள்ளைகளாகும் உரிமை அளிக்கப்பட்டதாக யோவான் நற்செய்தி (1:12) கூறுகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுல் இதைத் தத்தெடுப்பாகவே விளக்குகிறார். அக்கால ரோமச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவருக்கும் வாரிசுரிமை உண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத்தில் நம்மவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை பெற வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அரசு தரவும் பறிக்கவும் கூடிய அத்தகைய உரிமையன்று, கடவுளின் பிள்ளை என்ற இந்த உரிமை. கொழுந்துக் கூடை சுமந்து உங்களைப் படிக்க வைத்த தாயை மறைக்குமாறும் இந்த அடையாளம் ஒருபோதும் கேட்பதில்லை. ஜெபத்தில் கடவுளைத் தயங்காமல் ‘அப்பா’ என்றழையுங்கள். அந்த உறவுக்குத் தூய ஆவியானவரே சாட்சி என்று பவுல் அதே அதிகாரத்தில் எழுதுகிறார்.