கருவி ‘சரி’ என்கிறது, கை ‘சுரீர்’ என்கிறது

கேள்வி: பாலக்கோடு அருகே சொந்த வீடு. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது. மகன் ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு, பிளக்கில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டர் வாங்கினான். எல்லா பாயின்ட்டிலும் ‘சரி’ என்றே காட்டுகிறது. எலக்ட்ரீஷியனோ, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் செத்துவிட்டது, புதுக் குழி தோண்டி, கசிந்தால் தானே அணைக்கும் ஆர்சிசிபியும் போட 14,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஏமாற்றுகிறார் என்கிறான் மகன். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு உங்கள் கையை நம்புங்கள் அம்மா. மெஷினின் பிளக்கை இன்றே பிடுங்கி வையுங்கள். ஈரத் தரையும் வெறுங்காலும் இரும்பு உடம்பும் ஒன்றுசேரும் இடம் அது. பழுது தீரும்வரை துணி கல்லில் துவையட்டும்.

மகன் வாங்கிய கருவி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எர்த் துளையில் உள்ள கம்பி எங்கேயாவது போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. அதன் விளக்கு எரிய இம்மியளவு மின்சாரம் போதும். காய்ந்து கிடக்கும் எர்த்கூட அதைக் கொடுத்துவிடும்.

உங்கள் எர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி மெஷினின் உடம்பில் பட்டுவிட்டால், 230 வோல்ட்டை 100-ஆல் வகுக்க, 2.3 ஆம்பியர்தான் மண்ணுக்குள் ஓடும். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் மட்டும் அணையும் 16 ஆம்பியர் எம்சிபி, யாரோ மிக்சி போடுகிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். மெஷினின் உடம்பிலோ மின்சாரம் அப்படியே நிற்கும். குற்றம் மெஷினில்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. போர்வெல் மோட்டாரில் அரை ஆம்பியர் கசிந்தால், அதே எர்த் கம்பியில் 50 வோல்ட் ஏறி வாஷிங் மெஷின்வரை வந்து நிற்கும்.

நம் பக்கத்து மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் நாலடி தோண்டினால் பாறை. அதில் பைப்பை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடிவிட்டு, அதன்பிறகு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாத வீடுகளே அதிகம். மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறிவிடும். ஆகவே உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்வது அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில் பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு வயர்த் துண்டு. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு லூப்! குழி தோண்டிய கூலியை வாங்கிக்கொண்டு, குழியே தோண்டாமல் போன ஆளின் கைவேலை. இந்த லூப் இருந்தாலும் உங்கள் டெஸ்டர் ‘சரி’ என்றுதான் காட்டும். வெளியே நியூட்ரல் அறுந்தால் அந்த பாயின்ட்டில் செருகிய பொருளின் உடம்பெல்லாம் 230 வோல்ட். இதைவிட மோசம், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிய பாயின்ட்டில் லூப் போட்டிருப்பது. எதுவும் அறுக்க வேண்டியதில்லை, அப்போதே உடம்பில் 230 வோல்ட் இருக்கும். கருவி அதையும் ‘சரி’ என்றே சொல்லும். அது துளைகளுக்கு இடையே உள்ள வோல்ட் வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. எது ஃபேஸ் என்று அதற்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், ஸ்க்ரூடிரைவர் போன்ற பழைய நியான் டெஸ்டர் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். எர்த் துளையில் அது பளிச்சென்று எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டால் எல்லாம் நலம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அப்படியானால் எலக்ட்ரீஷியன் சொன்ன 14,000-த்தை எண்ணிக் கொடுத்துவிடலாமா? அவசரம் வேண்டாம். அவர் எர்த் செத்ததை எதை வைத்துச் சொன்னார்? நியான் டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால், அவருடைய ஜோசியமும் உங்கள் மகனுடைய ஜோசியமும் ஒன்றுதான். எர்த் டெஸ்டர் என்று தனிக் கருவி இருக்கிறது. மண்ணில் இரண்டு கம்பிகளைக் குத்தி ஓம் கணக்கில் அளக்கும். அதில் வரும் எண்ணை உங்கள் கண்ணெதிரே காட்டி, பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பிளக் பாயின்ட்டுகளைக் கழற்றி லூப் இல்லை என்றும் காட்டச் சொல்லுங்கள்.

வயர்மேன் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. தமிழ்நாட்டில் அதற்கென்று தேர்வு, உரிமம், வாரியம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வீட்டையே பார்க்காமல் கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்றுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இணைப்பு கிடைத்த பிறகு ஒரு வீட்டின் எர்த்தை அதிகாரி யாராவது வந்து அளந்ததை மட்டும் இதுவரை பார்த்ததில்லை. காகிதம் சரியாக இருந்தால் போதும் என்ற ஊரில் நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பொருளை நீங்களே கடையில் வாங்குங்கள். வயர் சுருள் பெட்டிக்குள் வேலை செய்பவருக்கென்று கூப்பன் வைக்கிறார்கள். எந்த கம்பெனி நல்லது என்பதைப் பல நேரம் அந்தக் கூப்பன்தான் முடிவு செய்கிறது. கரிக்கும் உப்புக்கும் பதிலாக ரசாயனக் கலவை போடும் கெமிக்கல் எர்த்திங் என்று பெரிய தொகை சொன்னால் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் ஒரேயடியாக இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை முதலில் போடுங்கள். பாறை மண்ணில் எர்த் 5 ஓமுக்கு இறங்காமல் அடம்பிடித்தாலும் அது காப்பாற்றும். நான் சொன்ன கணக்கில் ஓடும் 2.3 ஆம்பியர், அது விழுவதற்கு, அதாவது தானே அணைவதற்கு, தேவையானதைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தாண்டி நேரடியாக இணைத்துத் தர ஒருவர் முன்வருவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள், விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது, அல்லது லூப் இருக்கிறது. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல.

குழி தோண்டிய பிறகு இன்னொரு முறை அளப்பதாக இருந்தால் சித்திரை வைகாசியில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் எந்தக் குழியும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.