பலகையில் 300 யென், பில்லில் 6,400 யென்

கேள்வி: டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நாலு பேர், பதிவு செய்த இசை ஒலிக்க நாமே மைக்கில் பாடும் ஒரு கரோக்கே கடைக்குப் போனோம். வாசல் பலகையில் ‘30 நிமிடம் 300 யென்’ என்று இருந்தது. இரண்டு மணி நேரம் பாடினோம். 1,200 யென் ஆகும் என்று நினைத்தால் 6,400 யென் வாங்கிவிட்டார்கள். ஏமாந்துவிட்டோமா? பாடுவதற்குப் போய் இங்கே ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள்?

பதில்: ஏமாறவில்லை. பலகையில் இருந்தது தலைக்கு ஆகும் கட்டணம். ஓரத்தில் ‘ஒஹிதோரி-சாமா’, அதாவது ஒருவருக்கு, என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். ஆளுக்கு 1,200 வீதம் நாலு பேருக்கு 4,800. ஆளுக்கொரு பானம் வாங்கியே ஆக வேண்டும் என்பது பல கடைகளில் விதி. தலைக்கு 400 என்று வைத்தாலும் 1,600 சேர்ந்து உங்கள் கணக்கு நேராகிறது.

பாட்டை நேரக் கணக்கில் விற்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். கோபே நகரத்து மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாட, பக்கத்தில் வாத்தியம் வாசித்து வந்தவர் இனோவே தைசுகே. ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட்டபோது இவரால் போக முடியவில்லை. வாசிப்பை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1971-இல் அவர் செய்த பெட்டி: டேப், மைக், 100 யென் காசு போட ஒரு துளை. காசு போட்டால் சில நிமிடம் பாடலாம். 11 பெட்டிகள் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் அது. அவருக்கு முன்பே, 1967-இல், டோக்கியோவில் நெகிஷி ஷிகெஇச்சி இதுபோல ஒரு பெட்டி செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரோக்கே என்ற பெயரில் ‘கரா’ என்றால் காலி. ‘ஓகே’ என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம்.

நீங்கள் பணம் கொடுத்தது பாட்டுக்கு அல்ல, அறைக்கு. முன்பெல்லாம் மதுக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால்தான் பாட வேண்டும். 1985 வாக்கில் ஒகாயாமாவில் ஒருவர் பழைய சரக்குக் கன்டெய்னரை அறையாக்கி வாடகைக்கு விட்டார். மது குடிக்காத மாணவர்களும் குடும்பங்களும் உள்ளே வந்தது அதன் பிறகுதான். நெருக்கமான வீடுகள், மெல்லிய சுவர்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று வீட்டில் வாய்விட்டுப் பாட முடியாதவர்களுக்கு அந்தக் கதவு சாத்தினாலே பெரிய விடுதலை. தனியாகப் போய்ப் பாடுகிறவர்களும் ஏராளம். அதற்கு ‘ஹிதோகரா’ என்றே பெயர்.

அடுத்த முறை வார நாளில் பகலில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பாதி விலைகூட ஆகாது. வெள்ளி, சனி இரவுகளில்தான் விலை உச்சத்தில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடுவதானால் ‘ஃபுரீ டைமு’ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே கட்டணத்தில் பல மணி நேரம் கிடைக்கும். தெருவில் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்கள் பின்னால் மட்டும் போகாதீர்கள்.

முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் உள்ள போன் அடிக்கும். சில கடைகளில் நேரம் தானாகவே நீண்டு, அதற்கும் பணம் ஏறும். நுழையும்போதே இதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.