அடுப்பங்கரைத் தபால்: பந்தியில் உட்கார்ந்த பிஸ்கட்டுகள்

என் மகளுக்கு அக்டோபரில் ஐந்து வயது முடிகிறது. கேக்குக்குப் பதிலாக வீட்டிலேயே குக்கீஸ் செய்து, பிள்ளைகளே அதை அலங்கரிக்கிற மாதிரி பிறந்தநாள் கொண்டாட ஆசை. அவளுடைய வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர் வருவார்கள். வீட்டில் ஓவன் கிடையாது. முட்டையும் சேர்ப்பதில்லை. "பிஸ்கட்டை வைத்து ஒரு பிறந்தநாளா?" என்று மாமியார் கேட்கிறார். எப்படிச் செய்வது, அம்மா?
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

முதலில் மாமியாரை முடித்துவிடுவோம். ஆங்கிலத் தேதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நட்சத்திரப் பிறந்தநாளை அவரிடம் விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கோயில், பாயசம், ஆரத்தி எல்லாம் அவர் சொல்கிறபடி. எங்கள் வீட்டில் இருபது வருஷமாக இந்த ஏற்பாடுதான், ஒரு சண்டை வந்ததில்லை.

அடுத்தது அக்டோபர். உங்களுக்கு எதிரி அதுதான். மாதப் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கடல்காற்று வேறு. நம் ஊரில் அப்பளத்தைப் பொரித்து வைத்துவிட்டுக் குழம்பைத் தாளித்துவிட்டு வருவதற்குள் நமத்துப் போகும். பேரனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு நான் நாற்பது பிஸ்கட் சுட்டேன். எறும்புக்குப் பயந்து, சூடு ஆறுவதற்கு முன்பே எவர்சில்வர் தூக்கில் அடுக்கி இறுக்கி மூடினேன். உள்ளே ஆவி கோத்துக்கொண்டது. மறுநாள் திறந்தால் ஒவ்வொன்றும் சாம்பாரில் விழுந்த வடை போல வளைகிறது. விருந்தினர் வாசலில் நிற்கிறார்கள், நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, மிகச் சிறு தீயில் ஒவ்வொன்றாகச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் முதல் விதி: சுட்டதும் கம்பித் தட்டிலோ சல்லடையைக் கவிழ்த்தோ பரப்பி ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். தொட்டால் துளிச் சூடும் இருக்கக் கூடாது. அப்புறம் டப்பா. எறும்புக்கு, டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள்.

இரண்டாவது விதி: பிறந்தநாள் அன்று அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் வியாழன் இரவு மாவு, வெள்ளியும் சனியும் சுடுவது. ஏன் இரண்டு நாள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பிள்ளைகள், உங்கள் மகளோடு பதின்மூன்று. ஆளுக்கு மூன்று என்றால் 39. அழைக்காமல் கூட வருகிற தம்பி தங்கைகளுக்கு ஆறு, மெழுகுவத்தி ஏற்றும் கோபுரத்துக்குப் பத்து, உடைவதற்கு ஐந்து. ஆக 60. குக்கரில் ஒரு ஈட்டுக்கு எட்டுதான் பிடிக்கும். எட்டு ஈடு, ஈட்டுக்கு 25 நிமிடம் என்றால் மூன்று மணி இருபது நிமிடம். அதை ஒரே மூச்சில் நின்று செய்தால் விழாவில் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

அறுபதுக்கு அளவு இது: அரைக் கிலோ மைதா, கால் கிலோ வெண்ணெய், 200 கிராம் பொடித்த சர்க்கரை, நாலைந்து மேசைக்கரண்டி குளிர்ந்த பால், ஏலப்பொடி. கடை வெண்ணெயில் உப்பு இருந்தால் தனியாக உப்பு வேண்டாம். பேக்கிங் பவுடர் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நட்சத்திரமாக வெட்டியது பூசணிக்காயாக உப்பி வரும். வெண்ணெயை உருக்காமல் அறை வெப்பத்தில் இளக விட்டு, சர்க்கரையோடு வெளுக்கும்வரை குழைத்து, மைதாவைச் சலித்துப் போட்டு, பாலைத் தெளித்துத் தெளித்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைய வேண்டாம், இறுகிவிடும். கையால் சேர்த்தால் சேர வேண்டும், அவ்வளவுதான். மூடி இரவு முழுக்க ஃபிரிட்ஜில்.

பண்ருட்டி பக்கம் யாராவது போனால் உடைந்த முந்திரி வாங்கி வரச் சொல்லுங்கள், முழு முந்திரியை விட விலை குறைவு. நூறு கிராம் மைதாவைக் குறைத்து அந்த அளவுக்கு முந்திரியைப் பொடித்துச் சேர்த்தால் வாசனையே வேறு. ஆனால் அதற்கு முன்னால் பன்னிரண்டு அம்மாக்களுக்கும் போன் போட்டு, எந்தப் பிள்ளைக்காவது கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாக வேண்டும். ஒரே ஒரு பிள்ளைக்கு ஆகாது என்றாலும் முந்திரியே வேண்டாம். இருவேறு மாவு வைத்தால் கை மாறிவிடும். மேலே அழுத்துவதற்கு முழு முந்திரி, பாதாம், வெள்ளி உருண்டை இதெல்லாம் கூடாது. ஐந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கும். கூட வருகிற தம்பி இரண்டு வயசுக்காரனாக இருப்பான்.

ஓவன் இல்லை என்று வருத்தப்படாதீர்கள். பழைய குக்கர் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள், வெறுஞ்சூட்டில் உள்ளே நிறம் மாறும். அடியில் ஒரு அங்குலத்துக்குக் கல்லுப்பு, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறந்தால் ஆபத்து, பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள். மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேறட்டும். பிறகு வெண்ணெய் தடவிய தட்டில் எட்டு பிஸ்கட்டை இடம்விட்டு அடுக்கி, தீயைக் குறைத்து மூடுங்கள். இருபது நிமிடத்தில் திறந்து பாருங்கள். ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் வெளுப்பாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். அதுதான் பதம். "இன்னும் வேகவில்லையே" என்று விட்டால் ஆறியபின் ஓடாகிவிடும். அந்த உப்பை ஆற வைத்து எடுத்து வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். குழம்புக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

வெட்டுவதற்கு அச்சு வாங்க மிஷன் வீதிக்கு அலையத் தேவையில்லை. மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் போடலாம். சோமாசிக் கரண்டியின் சக்கரத்தை ஓட்டினால் நெளிநெளியாக ஓரம் விழும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த வேலையை உங்கள் மகளிடம் கொடுங்கள். கோணலாக வெட்டுவாள். கோணலானதை அப்படியே சுடுங்கள், திருத்தாதீர்கள். நான் ஒருமுறை பேத்தி வெட்டிய மீனை அவள் தூங்கியபின் மறுபடி உருட்டி அழகாக வெட்டி வைத்தேன். காலையில் "என் மீன் எங்கே?" என்று கேட்டாள் பாருங்கள். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயசு.

இனி விழா. நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியுங்கள். மழையை நம்பி மொட்டை மாடி வேண்டாம், கூடமே போதும். மேசை நாற்காலி தேடாமல் பழைய போர்வையை விரித்துப் பிள்ளைகளைப் பந்தியாக உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு சின்ன இலை, நன்றாகத் துடைத்தது. ஈரம் இருந்தால் பிஸ்கட் இழுத்துக்கொள்ளும். இலையில் மூன்று பிஸ்கட். நீங்கள் பரிமாறுகிற மாதிரி வரிசையாக வந்து ஐசிங் கோனைக் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பந்தி விளையாட்டே பாதி சந்தோஷம். முடிந்ததும் இலையைச் சுருட்டி எறிந்தால் கூடம் சுத்தம்.

ஐசிங்குக்கு முட்டை வேண்டியதில்லை. 200 கிராம் ஐசிங் சர்க்கரையில் சில சொட்டு எலுமிச்சை, பிறகு தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் குழையுங்கள். மூன்று ஸ்பூனைத் தாண்டாது. கரண்டியிலிருந்து நாடா போல விழுந்து மெதுவாகப் படிய வேண்டும். கெட்டியான பாலித்தீன் கவரில் ஊற்றி முடிந்து, முனையை ஊசிக்கண் அளவுக்கு வெட்டினால் மருதாணிக் கோன்தான். இரண்டு பிள்ளைக்கு ஒரு கோன் என்று கொடுங்கள். ஆளுக்கொன்று கொடுத்தால் பாதி வாய்க்குள் போகும். (இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்தாலும் போகும், கொஞ்சம் குறைவாக.)

பத்து பிஸ்கட்டை ஐசிங் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உச்சியில் மட்டும் மெழுகுவத்தி. ஊதியபின் அந்த உச்சி பிஸ்கட் பிறந்தநாள்காரிக்கு. எச்சில் தெறித்த கேக்கை நாற்பது பேருக்கு வெட்டிக் கொடுப்பதை நான் என்றுமே ரசித்ததில்லை.

இத்தனை இனிப்புக்கு நடுவில் கட்டாயம் ஒரு காரம் வேண்டும். சுண்டல் போதும். கொண்டைக்கடலை வேண்டாம், பச்சைப்பயறு. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, தட்டையான அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஐசிங் இறுக நாலைந்து மணி நேரம் பிடிக்கும், கவரில் போட்டால் மூன்றும் ஒட்டி ஒரே உருண்டையாகத்தான் வீடு போய்ச் சேரும்.

ஐசிங்குக்குக் கடையில் விற்கும் கலர் போடலாமா? பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததிலிருந்து ரோஸ் கலரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பயம் நியாயமானது, ஆனால் பயப்பட வேண்டியது ரோஸ் நிறத்துக்கு இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரி பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்ததற்குக் காரணம் அதில் ரோடமின்-பி இருந்தது. அது துணிக்குப் போடுகிற சாயம். அதே மாதம் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணங்கள் நம் நாட்டில் எட்டு இருக்கின்றன. வாங்கினால் சீல் வைத்த பாட்டிலாக, மேலே 14 இலக்க உரிம எண் இருப்பதாக வாங்குங்கள். பொட்டலத்தில் மடித்துத் தருகிற பொடியைத் தொடாதீர்கள்.

நான் அதையும் வாங்குவதில்லை. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு ஸ்பூன் போதும், எந்தக் கடை ரோஸும் பக்கத்தில் நிற்காது. அதை ஐசிங்கில் போடுங்கள், மாவில் போடாதீர்கள், சூட்டில் பழுப்பாகிவிடும். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், ஒரு சிட்டிகையில் பாதி. ஐசிங்கில் எலுமிச்சை இருப்பதால் நிறம் மஞ்சளாகவே நிற்கும். ஆரத்தித் தட்டில் அதே மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான் சிவக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் செய்து காட்டினால் வாயைப் பிளப்பார்கள், அந்தக் கிண்ணத்தை உடனே எடுத்துவிடுங்கள். பழுப்புக்குக் கோகோ. பச்சையும் நீலமும் இல்லாமல் ஒரு பிறந்தநாள் நடக்கும்.

குக்கரில் குக்கீஸ் போட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் ஓடி ஒன்றாகி ஊத்தப்பம் மாதிரி ஆகிவிட்டது. வெண்ணெய் இல்லாததால் நெய்யை உருக்கி ஊற்றினேன். பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன் போட்டேன். எது தப்பு?
— ஒரு வாசகி, வில்லியனூர்

இரண்டும்தான். உருகிய நெய் மாவைத் தாங்காது, சூடு பட்டதும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். நெய்யில்தான் செய்ய வேண்டும் என்றால், மணல்மணலாக உறைந்த நெய்யை விரலால் தேய்த்துக் குழைத்துப் போடுங்கள். நம் பேக்கரி நெய் பிஸ்கட் மாதிரி வாயில் கரையும், ஆனால் நட்சத்திரம் மீன் எல்லாம் வெட்ட வராது, உருட்டித் தட்டத்தான் ஆகும். வெட்டிய பிறகும் கால் மணி நேரம் தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, நன்றாகச் சூடேறிய குக்கருக்குள் நேராகப் போடுங்கள். ஊத்தப்பமாகப் போனதை எறிந்துவிட்டீர்களா? பொடித்துப் பாலில் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குக்கிக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன வித்தியாசம்? என் மாமனார் கேட்கச் சொன்னார்.
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

மாமனார் வம்புக்குக் கேட்கிறார் என்று தெரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன். 'குக்கி' டச்சு மொழியிலிருந்து வந்தது, சின்ன கேக் என்று பொருள். நியூயார்க் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்கள் வழியாக அமெரிக்க ஆங்கிலத்துக்குள் போய், அங்கிருந்து தொலைக்காட்சி வழியாக நம் பிள்ளைகள் வாய்க்கு வந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் உங்கள் தேவனாம்பட்டினத்திலேயே 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாபாரம் செய்தார்கள். எங்கள் புதுச்சேரியை 1693-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடுங்கி 1699 வரை வைத்திருந்தார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் அந்தச் சொல்லை நமக்கு நேராகக் கொடுக்காமல் உலகத்தைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

'பிஸ்கட்' பிரெஞ்சு வழி வந்தது. இரண்டு முறை வெந்தது என்று பொருள். கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அப்படிச் சுட்டார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் வீட்டில் சுடுவது குக்கிதான். நமத்துப் போய் மறுநாள் தோசைக்கல்லில் சூடு காட்டினோமென்றால், அது பிஸ்கட்.